நம்பியின் உடம்பில் ராசா தங்கிய இடங்கள்

ஜூன் 9, திங்கள்

கொண்டுபோன பையைப் பிரிக்காமலே தூக்கிக்கொண்டு வந்தாயிற்று. ஆபரேஷன் இப்போது இல்லையாம்.

எல்லாம் ஒரு பஞ்சுக் குச்சி செய்த வேலை. காது குடைகிற குச்சியைவிடக் கொஞ்சம் நீளம், அவ்வளவுதான். போன வாரம் அதை நம்பியின் மூக்கில் விட்டு ஒரு சுற்றுச் சுற்றினார்கள். அவன் தும்மினான், நர்ஸ் சிரித்தாள், நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். இன்றைக்கு அந்தக் குச்சி சொல்கிறது, என் பிள்ளையின் மூக்கில் ஒரு கிருமி குடியிருக்கிறதாம். அவன் இதயத்தில் பிறந்ததிலிருந்தே ஒரு ஓட்டை. அதை அடைக்கத்தான் இத்தனை அலைச்சல். ஐந்து வயதுப் பிள்ளை நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறான். போகப் போக அது கூடத்தான் செய்யும்.

டாக்டர் மெஹருன்னிசா பொறுமையான பெண். நான் கத்தியதை எல்லாம் கேட்டுவிட்டுச் சொன்னார்: “மூக்குல இருக்கிற வரைக்கும் அது அவனை ஒண்ணும் பண்ணாதும்மா. சும்மா தங்கியிருக்கு. ஆனா நெஞ்சைத் திறக்கும்போது உள்ள போயிட்டா, சாதாரண மருந்துக்கெல்லாம் அது அடங்காது. முதல்ல அதை வெளியேத்துவோம்.”

“எப்ப வெளியேறும்?”

“அது அதோட இஷ்டம்” என்றார். சிரிக்கவில்லை.

கூட அவரும் வந்திருந்தார். அவர் என்றால் என் வீட்டுக்காரர், இசக்கிராஜ். ஆஸ்பத்திரி வராந்தாவில் நடக்கும்போது தரையைத் தவிர வேறெதையும் பார்க்க மாட்டார். ஏன் என்று எனக்குத் தெரியும். அதை எழுத வேண்டியதில்லை.

கிருமியின் பெயரை டாக்டர் இங்கிலீஷில் நாலெழுத்தாகச் சொன்னார். எம்.ஆர்.எஸ்.ஏ. அம்பாசமுத்திரத்துக்குத் திரும்பும் பஸ்ஸில் அவர் தன் அக்காவுக்குப் போன் போட்டு, “எம்மாராசேன்னு ஒரு கிருமியாம்க்கா” என்றார். அந்தப் பக்கம் என் நாத்தனார் போட்ட கூப்பாடு எனக்கே கேட்டது. “ஐயோ, எமராசாவா!”

முன் சீட்டுப் பொம்பளை திரும்பிப் பார்த்தாள். போனைப் பிடுங்கி அணைத்தேன். என் மடியில் தூங்குகிறான் என்று நினைத்திருந்த பயல் கண்ணைத் திறந்தான்.

“ராசாவாம்மா? என் மூக்குலயா இருக்காரு?”

ஜூன் 10, செவ்வாய்

என் வளையல் கடையைத் திறந்த கொஞ்ச நேரத்தில் ஊருக்கே தெரிந்துவிட்டது. நம்பிக்கு எமராசா வந்திருக்கிறாராம். ரிப்பன் வாங்க வந்தவர்கள் ரிப்பனை மறந்துவிட்டு என் முகத்தையே பார்க்கிறார்கள். இரண்டு பேர் ஆப்பிளோடு வந்தார்கள். ஒருத்தி ஹார்லிக்ஸ் பாட்டிலை வைத்துவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். “ஏக்கா, பிள்ள உள்ளதான் இட்லி தின்னுட்டு இருக்கான். கண்ணைத் துடைச்சிட்டு வளையல் பாரு” என்றேன்.

இந்த டைரி வளையல் ஏஜென்ட் பொங்கலுக்குக் கொடுத்தது. எழுதினால் வாய்க்குக் கொஞ்சம் ஓய்வு கிடைக்கும் என்று என் வீட்டுக்காரர் சொன்னார். யாருடைய காதுக்கு ஓய்வு என்று அவர் சொல்லவில்லை.

ஒரு கஷ்டம். நம்பியை நான் வாய்க்கு வாய் ‘என் ராசா’ என்றுதான் கூப்பிடுவேன். இன்றைக்குக் கூப்பிட்டபோது, “என்னையா, அவரையா?” என்று கேட்டான்.

ஜூன் 12, வியாழன்

மூக்குக்குக் களிம்பு. மூன்று பேரும் போட வேண்டுமாம், வீட்டில் யாரிடமிருந்தும் திரும்ப ஒட்டிவிடக் கூடாதென்று. துண்டு ஆளுக்கு ஒன்று. போர்வை, தலையணை உறை எல்லாம் கொதிக்கிற தண்ணீரில். நகத்தை ஒட்ட வெட்டியாயிற்று. அண்டாவைத் தூக்கித் தூக்கி என் இடுப்பு போயிற்று.

மத்தியானம் கடையில் ஆள் வராத நேரத்தில் நம்பியைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு படுத்தேன். ராசாவைப் பற்றிச் சொல்லிக்கொண்டே இருந்தான். ராசாவுக்கு மூக்குக்குள்ளே ஒரு கட்டில் இருக்கிறது. இவன் மூச்சை இழுத்தால் அவருக்குக் காத்து வரும், விட்டால் காத்து போகும். ஃபேன் வேண்டாம். தும்மினால் புயல். இப்போது களிம்பு தடவியதில் அவருக்கு வாசலில் கால் வழுக்குகிறது.

“அவரு நல்லவரா, கெட்டவரா?”

“கெட்டவர்.”

“எங்கிட்ட ஒண்ணும் சொல்லலியே” என்றான். அப்படியே தூங்கிப் போனான். அவன் நெஞ்சு எப்போதும் ஓடி வந்தவன் நெஞ்சு மாதிரி அடித்துக்கொள்ளும். நான் அதில் கையை வைத்துக்கொண்டு கிடந்தேன். வெளியே வாய்க்கால் தண்ணீர் சத்தம். எந்த ஊரில், எந்த வருஷத்தில் இருக்கிறோம் என்றுகூட மறந்துபோகும் நேரம் அது.

ஜூன் 15, ஞாயிறு

மத்தியானத் தூக்கத்தில் ஒரு கனவு. நான் விளக்குமாற்றோடு ஒரு குகைக்குள் போகிறேன். சுவரெல்லாம் சிவப்பு, வெதுவெதுப்பு, தொட்டால் ஈரம். காற்று என்னை உள்ளே இழுக்கிறது, பிறகு வெளியே தள்ளுகிறது. நான் பெருக்கிக்கொண்டே திட்டிக்கொண்டே போகிறேன், யாருலே இங்க குடியிருக்கது, வாடகை கொடுத்தியா என்று. கடைசியில் ஒரு பிள்ளை முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறது. நம்பி என்று நினைத்துக் கூப்பிட்டேன். நம்பியைவிடச் சின்ன முதுகு.

விழித்துக்கொண்டேன். துணி காயப்போட வேண்டியிருந்தது.

ஜூன் 19, வியாழன்

ஆஸ்பத்திரி. மூக்கில் குச்சி விட்டதோடு டாக்டர் நிறுத்தவில்லை. தொண்டையில் ஒன்று, அக்குளில் ஒன்று, தொடை இடுக்கில் ஒன்று. நம்பிக்குக் கூச்சம் தாங்கவில்லை, நெளிந்து நெளிந்து சிரித்தான். “ராசாவத் தேடுதீங்களா?” என்று கேட்டான். டாக்டர் ஆமாம் என்றார்.

எனக்கு ஏன் இத்தனை இடம் என்று கோபம். டாக்டர் சொன்னார், பெரியவர்களுக்குப் பெரும்பாலும் மூக்கு, ஆனால் சின்னப் பிள்ளைகளுக்கு மூக்கை மட்டும் பார்த்தால் ஏமாந்துவிடுவோம். தொண்டையில் இருக்கும். டயப்பர் கட்டுகிற இடத்தில், வேர்வை தங்குகிற மடிப்பில் இருக்கும். மூக்கு சுத்தமாக இருந்தாலும் அங்கே இருக்கலாம்.

குச்சி எடுத்தது சிஸ்டர் ஜெபக்கனி. நாசரேத் பக்கத்துக்காரி, நம்ம பேச்சு. தொடை இடுக்கைப் பார்க்க டிரவுசரை இறக்கியபோது, “ஏம்மா, எல்லாத்தையும் கழட்டச் சொன்னோம்லா, இது என்ன?” என்று கேட்டாள்.

எது என்று நான் தேடினேன். சத்தியமாக எனக்குத் தெரியவில்லை. கழுத்துச் செயினைக் கழற்றினேன், கைக் கயிற்றைக் கழற்றினேன். அவள் விரலைப் பார்த்தேன். அரைஞாண் கயிறு.

நான் கடையில் முழம் போட்டு விற்கிற சாமான். கறுப்பு, சிவப்பு, பட்டு நூல், சாதா நூல் எல்லாம் வைத்திருக்கிறேன். ஆனால் அது அவன் உடம்பின் மேலே கட்டிய ஒன்று என்றே எனக்குத் தோன்றியதில்லை. தொப்புள் மாதிரி அதுவும் உடம்பில் ஒன்று.

“குளிச்சா காயவே காயாது, அழுக்கெல்லாம் அதுலதான் நிக்கும். கயித்த மாத்திருங்க” என்றாள் ஜெபக்கனி.

மாத்திட்டாப் போச்சு என்றேன்.

ஜூன் 21, சனி

போன் வந்தது. மூக்கு சுத்தம். தொண்டை சுத்தம். அக்குள் சுத்தம். தொடை இடுக்கில் இருக்கிறது.

நம்பிக்கு ஒரே சந்தோஷம். “வாசலப் பூட்டினதும் ராசா தோட்டத்துக்குப் போயிட்டாரு!” ஊர் முழுக்கச் சொல்லிவிட்டான். எந்தத் தோட்டம் என்று கேட்டவர்களுக்குக் காட்டவும் செய்தான். மானம் போயிற்று.

ஜூன் 24, செவ்வாய்

கடையிலேயே நல்ல பட்டுக் கயிறாகப் பார்த்து எடுத்தேன். காலையில் கிழக்கே பார்த்து நிறுத்தி, அவரே கட்டினார். பழையதற்கு ஒட்டினாற்போலப் புதியதைக் கட்டி, முடிச்சை இறுக்கி, அப்புறம் பழையதை அறுத்தார். பிறகு ரோஸ் கலர் மருந்துத் தண்ணீரில் குளியல். தினமும் குளிப்பாட்டச் சொல்லியிருக்கிறார்கள். மருந்தை உடம்பெல்லாம் பூசிக் கொஞ்ச நேரம் ஊற விட வேண்டும். அதுவரை நம்பி அசையாமல் நிற்க வேண்டும். ரோஸ் கலரில் நின்றுகொண்டு, வாய்க்கால் மேலே பறக்கிற கொக்கைப் பார்த்துக்கொண்டு, “ராசா, போயிரும், எங்க அம்மைக்குக் கோவம் வருது” என்று கெஞ்சிக்கொண்டிருந்தான். கேட்டுக்கொண்டே நானும் எங்கேயோ போய்விட்டேன். தண்ணீர் ஆறிவிட்டது.

ஜூலை 3, வியாழன்

குச்சி எடுத்தார்கள்.

ஜூலை 5, சனி

இருக்கிறது. அதே இடம்.

கடையை அடைத்துவிட்டேன். வளையல் அட்டையைத் தூக்கிப் போட்டதில் மூன்று உடைந்தது. ஆபரேஷனுக்கு இந்த மாதம் கிடைத்திருந்த நாளும் போயிற்று. நேற்று நம்பி பள்ளிக்கூட வாசலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டானாம், டீச்சர் தூக்கிக்கொண்டு வந்து விட்டாள். உதடு வெளுத்திருந்தது. எனக்குப் பயமாக இருக்கிறது. எழுதிவிட்டேன், பயமாகத்தான் இருக்கிறது.

ஜூலை 8, செவ்வாய்

டாக்டருக்கே புரியவில்லை. “நீங்க சொன்னதை எல்லாம் செஞ்சிருக்கீங்க. கயிறும் மாத்தியாச்சு. அப்புறம் எப்படி?” என்று காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜெபக்கனிதான் திடீரென்று என் பக்கம் திரும்பினாள். “மைனி, எப்படி மாத்துனிய?”

“எல்லாரும் மாத்துத மாதிரிதான். புதுசக் கட்டிட்டுப் பழச அறுத்தோம்.”

அவள் நெற்றியில் அடித்துக்கொண்டாள். “கர்த்தாவே, என் தப்புதான்! எங்க வீட்லயும் அப்படித்தான செய்வாங்க, எனக்குத் தோணலியே. நான் மாத்துன்னு சொல்லியிருக்கப்படாது.”

டாக்டருக்கு எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தும் விளங்கவில்லை. அவர் சென்னைக்காரர். ஜெபக்கனி விளக்கினாள். இடுப்பு ஒரு நிமிஷம்கூட வெறுமையாக இருக்காது, அதனால் ஈரப் பழைய கயிறு புதியதோடு உரசிக்கொண்டுதான் போகும். அதன்பிறகு அந்தப் புதுக் கயிற்றையும் வைத்துக்கொண்டேதான் குளியல்.

“கயிறுதான் காரணம்னு அடிச்சுச் சொல்ல மாட்டேன்” என்றார் டாக்டர். “ஆனா அந்த மடிப்பு காய்ஞ்சு சுத்தமாகணும். ஆபரேஷன் முடியற வரைக்கும் கயிறே வேண்டாம். எடுத்துடுங்க.”

எடுத்துவிடுங்கள் என்றால் என்ன அர்த்தம் என்று அவருக்குத் தெரியாது. ஆம்பளை இடுப்பில் கயிறு இல்லாமல் இருப்பது ஒரே ஒரு சமயத்தில்தான். செத்தவனை வீட்டு வாசலில் கிடத்திய பிறகுதான் அதை அறுப்பார்கள்.

பஸ்ஸில் என் வீட்டுக்காரர் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, தன் சட்டைக்குள் கையை விட்டு இடுப்பைத் தொட்டுக்கொண்டே வந்தார். நான் ஒன்றும் கேட்கவில்லை. நானா? நானேதான். கேட்கவில்லை.

ஜூலை 9, புதன்

மத்தியானம் தான் ஓட்டுகிற மினி பஸ்ஸை நிறுத்திவிட்டுச் சாப்பிட வந்தார். நம்பி தூங்கிக்கொண்டிருந்தான். நான் கடைக் கத்தரிக்கோலை எடுத்து வைத்திருந்தேன்.

“இப்பவே அறுத்துருவமா?”

“முடியாது.”

“டாக்டர் சொல்லுதாங்க.”

“டாக்டரு சொல்லுவாங்க. ஆபரேஷனுக்குப் படுக்கப் போற பிள்ள. அவன அறுத்து அனுப்பச் சொல்லுதியா?”

“அப்ப ஆபரேஷன் வேண்டாமா? அவன் வாசல்ல சுருண்டு உக்காந்தான்லா, அது பரவால்லியா உங்களுக்கு? கயிறு முக்கியமா, பிள்ள முக்கியமா?” இன்னும் என்னென்னவோ சொன்னேன். என் வாய் எனக்குத் தெரியாதா. மூடநம்பிக்கை என்றேன், பயந்தாங்கொள்ளி என்றேன்.

அவர் சோற்றுக் கையோடு எழுந்து நின்றார். “ஒரு தடவ இந்தக் கையாலதான் அறுத்தேன் செல்வி. நீ மயங்கிக் கெடந்த, உனக்குத் தெரியாது. எல்லாரும் அப்பன்தான் அறுக்கணும்னு சொன்னாங்க. பிளேடக் கையில குடுத்தாங்க. ஒன்றர வயசுப் பிள்ள, கயிறு உள்ள அழுந்திக் கெடந்திச்சி. நான் விரல உள்ள விட்டுத்தான் தூக்க வேண்டியிருந்திச்சி. வயிறு சில்லுன்னு இருந்திச்சி. இன்னொரு பிள்ளைக்கு நான் செய்ய மாட்டேன்.”

கையைக் கழுவாமலே வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

நான் கத்தரிக்கோலைக் கடையில் கொண்டுபோய் வைத்தேன். இரண்டு பாக்கெட் ஹேர்பின் விற்றேன். மூத்தவனைப் பற்றி இந்த வீட்டில் யாரும் பேசி ஆறு வருஷம் ஆகிறது.

ஜூலை 10, வியாழன்

யாரும் யாரோடும் பேசவில்லை. நம்பி மட்டும் எல்லாரோடும் பேசுகிறான், ராசாவோடும்.

ஜூலை 11, வெள்ளி

காலையில் முதல் நடை போய்விட்டு வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் அடுக்களைக்குள் வந்தார். சட்டையைத் தூக்கிக் காட்டினார். இடுப்பில் ஒன்றும் இல்லை. கயிறு இருந்த இடத்தில் வெளுத்த கோடு மட்டும் ஓடியது. கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே அங்கே கிடந்த கயிறு.

“ஐயோ, என்ன காரியம் பண்ணிட்டு வந்திருக்கிய!”

“எனக்கும் இல்ல, அவனுக்கும் வேண்டாம். வாரவன் யாரக் கூட்டிட்டுப் போகணும்னு தெரியாம குழம்பட்டும்” என்றார். சிரிக்க முயன்றார், வரவில்லை. “நீயே அறுத்துரு. நான் வாய்க்கால் பக்கம் நிக்கேன். முடிஞ்சதும் சொல்லாத. நானே வாரேன்.”

நம்பியை எழுப்பி நிறுத்தினேன். பாதித் தூக்கத்தில் என் தோளில் சாய்ந்தான். கத்தரிக்கோல் படும்போது வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டான், குளிருகிறது என்றான். ஒரே நறுக்கு. கயிற்றைத் தாளில் சுற்றி அடுப்பில் போட்டேன். நான் அழவில்லை. அழுதேன், அப்புறம், குளிப்பாட்டும்போது. ரோஸ் தண்ணீர் என் சேலையெல்லாம் ஆயிற்று.

ஜூலை 14, திங்கள்

அவர் நம்பியைப் பார்ப்பதில்லை. முகத்தைப் பார்ப்பார், சோறு ஊட்டுவார், பஸ்ஸில் ஹாரன் அடிக்க விடுவார். சட்டை இல்லாமல் அவன் ஓடி வந்தால் எழுந்து வெளியே போய்விடுகிறார். குளிக்கிற நேரத்தில் வீட்டுப் பக்கமே வருவதில்லை. போதாதற்கு அவருடைய வேட்டி வேறு நிற்க மாட்டேன் என்கிறது, நாளுக்குப் பத்துத் தடவை இறுக்கிக் கட்டுகிறார். பெல்ட் போடுங்க என்றேன். முறைத்தார்.

நம்பி கேட்டான்: “எப்பாவுக்கும் ராசா வந்துட்டாரா?”

ஜூலை 18, வெள்ளி

குச்சி எடுத்தார்கள். மூக்கு, தொண்டை, அக்குள், தொடை இடுக்கு. இந்த முறை அவன் சிரிக்கவில்லை. களைத்துப் போயிருந்தான்.

ஜூலை 20, ஞாயிறு

ஒன்றுமில்லை. எங்கேயும் இல்லை. ஜெபக்கனியே போன் போட்டாள், டாக்டர் போடுவதற்கு முன்னால்.

நம்பிக்கு வருத்தம். “சொல்லிட்டுப் போயிருக்கலாம்லா?” என்றான்.

ஜூலை 28, திங்கள்

அட்மிட் ஆகியாயிற்று. ஜன்னலுக்கு வெளியே ஒரு வேப்ப மரம். மத்தியானம் முழுக்க அதன் நிழல் நம்பியின் கட்டில் மேல் ஆடிக்கொண்டிருந்தது. அவன் அதைப் பிடிக்கக் கையை நீட்டி நீட்டி விளையாடினான். நானும் நீட்டினேன். இரண்டு பேருக்கும் அகப்படவில்லை.

ஜூலை 29, செவ்வாய்

காலையில் தள்ளிக்கொண்டு போனார்கள். கதவு மூடும்போது கையை ஆட்டினான்.

இப்போது மத்தியானம். அவர் எதிர் பெஞ்சில் இருக்கிறார். வேட்டி முடிச்சின் மேல் கை. எழுத வரவில்லை.

சாயங்காலம்: முடிந்தது. ஓட்டையை அடைத்துவிட்டார்களாம். டாக்டர் மெஹருன்னிசா வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். இன்னும் ஒரு நாள் கண்ணாடி அறைக்குள் இருப்பான், கண் விழித்ததும் பார்க்கலாம் என்றார். என் வீட்டுக்காரரிடம் சொல்லத் திரும்பினேன், அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஜூலை 30, புதன்

ஒரு தடவைக்கு ஒருத்தர்தான் போகலாம் என்றார்கள். நான் போனேன். மூச்சுக்கு வைத்த குழாயை எடுத்துவிட்டார்களாம், மற்றபடி உடம்பெல்லாம் ஒயர். நெஞ்சில் நீளக் கட்டு. அடி வயிறு வரைதான் போர்வை. கண்ணைத் திறந்து, “எம்மா, தண்ணி” என்றான். நர்ஸ் உதட்டை நனைத்தாள். எனக்கு அது போதும்.

வெளியே வந்து அவரைக் கூப்பிட்டேன். “நீ பாத்துட்டேல்லா, போதும்” என்றார்.

“போங்க.”

“வேண்டாம் செல்வி.”

“நீங்க இப்ப போகலன்னா இந்த வராந்தாவுல நின்னு ஊரக் கூட்டுவேன்.” கூட்டுவேன் என்று அவருக்குத் தெரியும்.

கையைக் கழுவ வைத்து, பச்சை அங்கி மாட்டி உள்ளே விட்டார்கள். நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றேன். கட்டில் பக்கம் போய் நம்பியின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். ரொம்ப நேரம். நம்பி மறுபடி தூங்கியிருந்தான். பிறகு அவர் கண் மெல்லக் கீழே இறங்கியது. கட்டைத் தாண்டி, வெறும் வயிற்றுக்கு வந்து, அங்கேயே நின்றது. கயிறு இல்லாத இடுப்பு. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார். விழுந்துவிடுவாரோ என்று நான் கண்ணாடியில் கையை வைத்தேன்.

விழவில்லை. கையை நீட்டி நம்பியின் வயிற்றில் வைத்தார். நர்ஸ், “சார், தொடக் கூடாது சார்” என்று ஓடி வந்தாள். அவர் காதில் விழவில்லை. அவருடைய பெரிய கை பிள்ளையின் மூச்சுக்கு ஏறியது, இறங்கியது. மறுபடி ஏறியது. நர்ஸும் என்ன நினைத்தாளோ, பக்கத்தில் சும்மா நின்றுவிட்டாள்.

வெளியே வந்தவர் அங்கியைக்கூடக் கழற்றவில்லை. அந்தக் கையை மட்டும் என் முன்னால் விரித்துக் காட்டினார்.

“சூடா இருக்கான், செல்வி.”